பாசல் துறைமுகத்துக் கனோலா

நேயர்களுக்கு வணக்கம்.

சுவிட்சர்லாந்தில், ரைன் ஆற்றின் கரையில் இருக்கிறது பாசல் துறைமுகம். படகில் வரும் தானியம் அங்கே ரயில் பெட்டிகளுக்கு மாறும். தண்டவாளத்தின் சரளைக் கற்களுக்கிடையே மஞ்சள் பூவோடு சில செடிகள் நின்றன. கனோலா, கடுகுக் குடும்பத்துச் செடி. ஆய்வாளர்கள் இலையைக் கிள்ளிச் சோதித்தார்கள். கிளைஃபோசேட் களைக்கொல்லியைத் தாங்கி வளரும்படி மரபணு மாற்றிய செடி அது! அந்த நாட்டில் அதை விதைக்க எந்த உழவருக்கும் அனுமதி இல்லை. கனடாவிலிருந்து வந்த கோதுமையில் கலந்திருந்த விதை, ஏற்றி இறக்கும்போது சிந்தி முளைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் ஒரு விதைக்கு அது தெரியாது. ஆனாலும் அந்த நாடு சட்டத்தை எப்படி எழுதியது என்பது நாம் அறிய வேண்டிய கதை.

மரபணுத் தொழில்நுட்பத்தை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு சுவிட்சர்லாந்து. 1992-இல் மக்கள் வாக்களித்து ஏற்ற அந்தப் பிரிவு, உயிரினங்களின் மாண்பைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. விலங்கு, செடி எல்லாமே அதில் அடக்கம். இந்தச் சொல்லைப் படித்த அன்று சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஒரு செடிக்கு மாண்பு உண்டு என்று சட்டம் சொல்லி நான் அதுவரை படித்ததில்லை.

அங்கே ஒரு லட்சம் பேரின் கையெழுத்தை 18 மாதத்துக்குள் திரட்டினால், அரசியல் சட்டத்தையே மாற்றக் கோரி வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். வாக்காளர் வீட்டுக்குத் தபாலில் ஓர் உறை வரும். உள்ளே வாக்குச் சீட்டும், இரு தரப்பு வாதங்களையும் விளக்கும் சிறு கையேடும் இருக்கும். சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்து, எழுதித் தபாலில் அனுப்பிவிடலாம்.

அப்படித்தான் 1998-இல், மரபணு மாற்றிய விலங்குகளுக்கும் வயலில் விடும் செடிகளுக்கும் தடை கேட்ட கோரிக்கையை மூன்றில் இரு பங்கினர் நிராகரித்தார்கள். ரோஷ், நோவார்ட்டிஸ் போன்ற மருந்து நிறுவனங்கள் பாசலில் இருக்கின்றன. ஆராய்ச்சி முடங்கிவிடும் என்ற கவலை வலுவாக இருந்தது. ஆனால் 2005 நவம்பரில், வயலில் மட்டும் ஐந்தாண்டு நிறுத்திவையுங்கள் என்ற கோரிக்கைக்கு 55.7 சதவீதம் ஆதரவு கிடைத்தது. காண்டன்கள் எனப்படும் மாநிலங்கள் எல்லாமே ஆம் என்றன. மருந்துக்குச் சரி, சாப்பாட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று அந்த மக்கள் தாங்களாகவே கோடு கிழித்தார்கள். 1986-இல் பாசல் அருகே ரசாயனக் கிடங்கு தீப்பற்றி, ரைன் ஆறு சிவந்து, விலாங்கு மீன்கள் செத்து மிதந்ததை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தடை வணிகச் சாகுபடிக்கு மட்டும்தான். ஆய்வகப் பணிகளை ஆபத்துக்கேற்ப நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். வயல் ஆய்வுக்குச் சுற்றுச்சூழல் அலுவலகம் அனுமதி தர வேண்டும். 2008-இல் சூரிச்சின் ரெக்கன்ஹோல்ஸில் கோதுமை ஆய்வு வயலுக்குள் முகமூடி அணிந்தவர்கள் புகுந்து பயிரை நாசம் செய்தார்கள். பிறகு அங்கே வேலியிட்டுக் காவல் போட்ட மூன்று ஹெக்டேர் வயல் உருவானது. ஆண்டுக்கணக்கில் வளர்த்த கதிரை மிதித்தழிப்பது வாதமாகாது. பயம் நியாயமானதென்றால் அதைச் சொல்ல அந்த நாட்டில் உறையும் சீட்டும் இருக்கின்றனவே.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. 1 கோடியே 20 லட்சம் பிராங்க் செலவில் தேசிய ஆய்வுத் திட்டம் ஒன்று நடந்தது. மரபணு மாற்றிய பயிர்களால் உடல்நலத்துக்கோ சூழலுக்கோ தனிப்பட்ட கேடு தெரியவில்லை என்று 2012-இல் சொன்னது. அதன் பிறகும் நாடாளுமன்றம் தடையை நீட்டிக்கொண்டே வந்தது. இப்போது 2030 வரை. ஐந்தாண்டுத் தடை கால் நூற்றாண்டைத் தொடப்போகிறது. வேண்டாம் என்பதானால் நிரந்தரமாகச் சொல்லலாம். ஆய்வு கேட்டுவிட்டு அதன் விடையை ஒதுக்கிவைப்பது ஆய்வாளருக்கும் உழவருக்கும் செய்யும் அநீதி. ஆனால் காலக்கெடு இருப்பதால்தான் ஒவ்வொரு முறையும் சபையில் கேள்வி மறுபடி எழுகிறது. அதையும் நான் மதிக்கிறேன்.

2024-இல் அதே ரெக்கன்ஹோல்ஸ் வேலிக்குள் புதிய பார்லி முளைத்தது. வெளி மரபணு எதையும் அதில் சேர்க்கவில்லை. மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் பார்லியின் சொந்த மரபணு ஒன்றைச் செயலிழக்க வைத்திருக்கிறார்கள். கதிரில் மணிகள் கூடுமா என்று பார்க்கிறார்கள். இத்தகைய பயிர்களுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று அரசு 2025-இல் வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. எதிர்ப்பாளர்களோ அதற்கு முன்பே கையெழுத்துத் திரட்டத் தொடங்கியிருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.