கம்ப்யூட்டர்ல பாடி ரெக்கார்ட் பண்ணும்போது ஹெட்ஃபோன்ல உங்க குரலே லேட்டா கேக்குதா? புது லேப்டாப் வாங்காதீங்க, இதைப் பாருங்க!

[திரையில்: ஹெட்ஃபோன் மாட்டின ஒருத்தர் மைக் முன்னாடி நாக்கு குழறுறார்]

ஒரு விளையாட்டு. ப்ளூடூத் ஹெட்ஃபோனை மாட்டுங்க. மைக்கைப் போட்டு, உங்க குரலைக் கம்ப்யூட்டர் வழியா காதுல கேட்டுக்கிட்டே "ஓடுற நரியில ஒரு நரி கிழ நரி"ன்னு வேகமா சொல்லுங்க. கிழ நரிக்கு வர்றதுக்குள்ள வாய் மாட்டிக்கும். பயப்படாதீங்க, பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான் ஆகும். 1950லயே பெர்னார்டு லீன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதை எழுதி வெச்சிட்டார். நம்ம பேச்சு நம்ம காதுக்கே தாமதமா வந்தா திக்க ஆரம்பிச்சிடுவோம். கிட்டத்தட்ட 200 மில்லி செகண்ட் தாமதத்துலதான் குழப்பம் உச்சம். சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோன்ல தாமதம் எவ்வளவு தெரியுமா? 150லேருந்து 250 வரைக்கும். குறி பார்த்து அடிச்ச மாதிரி அதே இடம்! அதனால பாட்டு ரெக்கார்டிங்க்கு ப்ளூடூத் கூடவே கூடாது. ஒயர் ஹெட்ஃபோன், அதுவும் காதை முழுசா மூடுற வகை. இல்லன்னா மெட்ரோனோம் சத்தம், அதாவது தாளத்துக்கு 'டிக் டிக்'னு ஓடுறது, மைக்குக்குள்ள ஒழுகும்.

சரி, ஒயர் போட்டாச்சு. இன்னும் லேட்டா? அப்போ பஃபர்.

ஷேர் ஆட்டோ ஆள் நிறையாம கிளம்பாது இல்லையா? கம்ப்யூட்டர் உங்க குரலை ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான துளிகளா அளந்து வாங்குது, ஒவ்வொரு துளியும் ஒரு சாம்பிள், ஆனா ஒவ்வொரு சாம்பிளா அனுப்பாது. பஃபர்தான் அந்த வண்டி: பஃபர் 512ன்னா, 512 சாம்பிள் நிறைஞ்சாதான் வண்டி நகரும். சாம்பிள் ரேட் (ஒரு செகண்டுக்கு எத்தனை சாம்பிள்) 48,000ன்னா, 512ஐ 48,000ஆல வகுங்க: 10.7 மில்லி செகண்ட். உள்ள வர ஒரு வண்டி, வெளிய போக ஒரு வண்டி, ஆக 21 தாண்டுது. 128க்கு இறக்கினா போக வர 5.3 தான். அதுக்கு மேல சத்தத்தை எண்ணா மாத்துற கன்வெர்ட்டரும், கருவியைக் கம்ப்யூட்டரோட பேசவைக்கிற டிரைவரும் எடுத்துக்கிற நேரத்தைச் சேர்த்தா 8, 10ன்னு வந்து நிக்கலாம். அப்ப ஏன் எல்லாரும் 32 வைக்கிறதில்ல? சின்ன வண்டின்னா நிறைய ட்ரிப் அடிக்கணும். பிராசஸர் ஒரு ட்ரிப்பைத் தவறவிட்டாலும் காதுல 'டப் டப்'னு வெடிக்கும். ஒரு விஷயம்: வெடிக்கிற சத்தம் சில நேரம் சூட்டாலயும் வரும். பெங்களூர் குளிர்ல நாம ஃபேனை நிறுத்திட்டுப் பாடிடலாம். ஆனா எதிரொலிக்காக நாலு பக்கமும் கம்பளி தொங்கவிட்ட மூலைல லேப்டாப்பையும் சேர்த்து அடைச்சீங்கன்னா, சூடாகி வேகத்தைக் குறைச்சுக்கும். லேப்டாப் வெளிய இருக்கட்டும், சார்ஜர் மாட்டியே இருக்கட்டும்.

விண்டோஸ்காரங்களுக்கு ஒரே வரி: இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) கம்பெனி தர்ற ஏஸியோ டிரைவரைப் போடுங்க, அது தாமதம் குறைவா வேலை செய்ற டிரைவர்; அது இல்லாதப்ப மட்டும் ஏஸியோ ஃபார் ஆல்ங்கிற பொது டிரைவர். மேக்ல இந்தத் தலைவலி இல்ல.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கிடார்காரருக்கு 10 மில்லி செகண்ட் ஒரு பொருட்டே இல்ல. சத்தம் காத்துல 10 மில்லி செகண்ட்ல 3.4 மீட்டர் போகும், கிடார் ஸ்பீக்கர் (ஆம்ப்) அவ்வளவு தூரத்துல இருக்குன்னு வெச்சுக்குவார். பாடுறவங்க கதை வேற. உங்க குரல் எலும்பு வழியா தாமதமே இல்லாம காதுக்கு வந்துடுது. ஹெட்ஃபோன்ல அதே குரல் கொஞ்சம் பிந்தி வந்து மேல விழுது. ரெண்டும் மோதினா சில அதிர்வெண்கள்ல ஒண்ணை ஒண்ணு தின்னுடும். தாமதம் 1 மில்லி செகண்டா இருந்தா 500 ஹெர்ட்ஸ், 1500, 2500ல பள்ளம் விழும். தாளம் தப்பவே தப்பாது, ஆனா குரல் குழாய்க்குள்ள பாடின மாதிரி ஒல்லியா கேக்கும். "மைக் சரியில்ல"ன்னு மைக்கை மாத்துவாங்க. பாவம் மைக்!

அப்ப பஃபரோட மல்லுக்கட்டுறதே வீண். குரலைக் கம்ப்யூட்டருக்குள்ள விடாமலே காதுக்குக் கொண்டு வாங்க. இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர்னு ஒரு பட்டன் இருக்கும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவுல இருக்கு, பெரிங்கர் யூஎம்சி 22லயும் இருக்கு. அதை அமுக்கினதும் சாஃப்ட்வேர்ல அந்த ட்ராக்கோட மானிட்டரிங்கை (பாடுறதை உடனே காதுக்கு அனுப்புறது) அணைச்சிடுங்க. அணைக்கலன்னா ரெண்டு குரல் கேக்கும். இதுக்கப்புறம் பஃபர் 512 என்ன, 1024ல இருந்தாலும் கவலை இல்ல. கம்ப்யூட்டர் சாமான் விக்கிற எஸ்.பி. ரோட்டுக்குப் போய் கூடுதல் ரேமும் விலை உயர்ந்த யூஎஸ்பி கேபிளும் வாங்கினாலும் இந்தத் தாமதம் குறையாது, காசுதான் குறையும்.

"ஆனா குரல் வறண்டு கேக்குதே, ரிவெர்ப் (அறை எதிரொலி மாதிரி எஃபெக்ட்) இல்லாம பாட வரலையே"ன்னு கேப்பீங்க. அதுக்கும் வழி இருக்கு. ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல குரல் ட்ராக்கோட மானிட்டரிங்கை மறுபடி போடுங்க, ஆனா மாஸ்டர் செண்டை (ட்ராக் நேரா வெளிய போற வழி) எடுத்துடுங்க. அந்த ட்ராக்லேருந்து ஒரு ரிவெர்ப் ட்ராக்குக்கு செண்ட் கொடுத்து, அங்க டிரை (எஃபெக்ட் இல்லாத குரல்) முழுசா பூஜ்யம், வெட் (எஃபெக்ட்) மட்டும். இப்ப நேரடிக் குரல் பட்டன் வழியா, ரிவெர்ப் மட்டும் கம்ப்யூட்டர் வழியா. ரிவெர்ப் 20 மில்லி செகண்ட் பிந்தி வந்தா யாருக்குத் தெரியும்? அறை கொஞ்சம் பெருசுன்னு தோணும், அவ்வளவுதான். பாடி முடிச்சதும் மாஸ்டர் செண்டைத் திரும்பப் போடுங்க. மறந்தா, திருப்பிக் கேக்குறப்ப குரல் இல்லாம வெறும் ரிவெர்ப்தான் மிதக்கும்!

மாஸ்டர்ல லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ, இரைச்சல் நீக்கி மாதிரி தாமதம் கூட்டுற எஃபெக்ட் ஏதாவது இருந்தா, பாடுற வரைக்கும் பைபாஸ், அதாவது அணைச்சு வைங்க.

கடைசியா, காதுல எல்லாம் சரி, பதிவான குரல் மட்டும் தாளத்துக்குப் பின்னாடி நிக்குதுன்னா? டிரைவர் சொல்ற தாமதக் கணக்கு தப்பு. இன்டர்ஃபேஸோட அவுட்புட்லேருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போடுங்க. டைரக்ட் மானிட்டரும் சாஃப்ட்வேர் மானிட்டரிங்கும் அணைச்சிருக்கணும், இல்லன்னா ஊளையிடும். ஒரு க்ளிக் ட்ராக்கை ஓடவிட்டு அதையே பதிவு பண்ணுங்க. நல்லா பெருசாக்கிப் பார்த்து, முதல் க்ளிக்குக்கும் பதிவான க்ளிக்குக்கும் நடுவுல எத்தனை சாம்பிள்னு அளந்து, ரீப்பர் ரெக்கார்டிங் செட்டிங்ஸ்ல இன்புட் ஆஃப்செட்ல போடுங்க. மறுபடி பதிவு பண்ணா ரெண்டும் ஒண்ணா உக்காரணும். தூரம் ரெண்டு மடங்கானா கழித்தல் குறியை மாத்திப் போடுங்க. ஆடாசிட்டிங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல இதே வேலைக்கு லேட்டன்ஸி காம்பென்சேஷன்னு ஒண்ணு இருக்கு. அதுல தானா இருக்கிற -130 மில்லி செகண்ட் உங்க கருவிக்குப் பொருந்தணும்னு கட்டாயமில்ல, அங்கயும் அளந்துதான் போடணும்.

உங்க இன்டர்ஃபேஸ் பேர், பஃபர், எத்தனை சாம்பிள் தள்ளி வந்துச்சு, மூணையும் கமெண்ட்ல போடுங்க. அதே கருவி வெச்சிருக்கிற இன்னொருத்தருக்கு ஒரு கேபிள் மிச்சம்.