குதிரையை முட்டிய மாடு

(காரைக்குடியில் அங்கன்வாடிப் பணியாளர்களிடமும் தாய்மார்களிடமும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆச்சிமார்களே, அங்கன்வாடிச் சகோதரிகளே, வணக்கம்.

“குதிரைய மாடு முட்டுச்சு.” முட்டியது யார்? நமக்கு இது ஒரு கேள்வியே இல்லை. ஆனால் விடை முழுக்க ‘ய’ என்ற அந்தச் சின்ன ஒலியில் இருக்கிறது. ஏட்டில் அது ‘ஐ’ உருபு, யாரை, எதை என்று காட்டுவது. பேச்சில் தேய்ந்து மூச்சுப்போல வந்து போகும். அதைப் பிடிக்காத பிள்ளை, முதலில் காதில் விழுந்த குதிரையையே முட்ட விடும்.

மூளையில் நடப்பதைச் சொல்கிறேன். காதுக்கு மேலே, பக்கவாட்டில் சொல்லின் பொருளை அறியும் பகுதி. இடது நெற்றிப்பக்கம் புரோக்கா பகுதி. வாக்கியத்தைக் கோப்பதில் அதற்குப் பெரும் பங்கு. இரண்டையும் இணைப்பது வில்லாய் வளைந்த ஒரு நரம்புக் கற்றை. பிறந்து இரண்டே நாளான சிசுக்களின் மூளையைப் படமெடுத்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒலியைக் கேட்டு வாயசைக்க உதவும் கிளை அப்போதே தெரிந்தது. புரோக்கா பகுதிக்குப் போகும் கிளை தெரியவில்லை. அந்தக் கிளை ஏழு வயதிலும் பெரியவர்களுக்கு இருக்கும் அளவு முதிர்ந்திருப்பதில்லை. அதுவரை பிள்ளைகள் சொல்வரிசையையும் உலக அனுபவத்தையும் பெரிதும் நம்புகிறார்கள்.

நமக்கு ஓர் ஆறுதல். துருக்கி மொழியிலும் உருபு பெயரோடு ஒட்டும். வினை கடைசியில் வரும். அங்கே இரண்டு வயதுப் பிள்ளைகளே உருபைப் பிடிப்பதை 1982இல் காட்டினார்கள். ஜெர்மன் பிள்ளைகள் உருபை மட்டும் நம்பிப் பொருள்கொள்ள ஏழு வயதாகிறது; அங்கே பல பெயர்களில் உருபின் வடிவம் மாறுவதே இல்லை. தெளிவாகவும் தவறாமலும் வரும் உருபு சீக்கிரம் பிடிபடும்.

பிள்ளை உருபைப் பிடிக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவில் குதிரை, மாடு பொம்மைகள். பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லில் வைத்தால் பிள்ளை பூவைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடும். வெள்ளைத் துண்டு ஒன்றை விரியுங்கள். எட்டு வாக்கியம்: நான்கில் முட்டுவது முதலில், நான்கில் முட்டுப்படுவது முதலில். கலந்து சொல்லுங்கள், கேட்டதைப் பொம்மைகளால் செய்து காட்டச் சொல்லுங்கள், பொம்மைகளை இடம் மாற்றுங்கள். உங்கள் கண் பொம்மைப் பக்கம் போகக்கூடாது; பிள்ளை வாக்கியத்தை விட்டுவிட்டு உங்கள் பார்வையைப் படித்துவிடும். பூனையும் எலியும் வேண்டாம். எலி பூனையைத் துரத்தியது என்றாலும் பூனையைத்தான் ஓடவிடுவார்கள்.

இரண்டு வகையையும் தனித்தனியே எண்ணுங்கள். முதல் வகை நான்கும் சரி, இரண்டாவது நான்கும் தப்பு என்றால் பிள்ளை வரிசையைப் பிடித்திருக்கிறது; மூன்று வயதில் பயப்பட வேண்டாம். இரண்டு வகையிலும் பாதி சரி, பாதி தப்பு என்றால் குருட்டாம்போக்கு. விளையாட்டில் மனமில்லாமலும் இருக்கலாம். வேறு நாள் பாருங்கள். அன்றும் அப்படியே என்றால் முதலில் காதைச் சோதியுங்கள். சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்த பிள்ளைக்குச் சொல்லின் கடைசி ஒலிகள்தான் முதலில் நழுவும். ஓடும் மின்விசிறியும் டிவியும் அதையே செய்யும்.

“தண்ணி குடிச்சான்” என்பதில் உருபு இல்லாவிட்டாலும் குழப்பமில்லை, தண்ணீர் யாரையும் குடிக்காது. “அப்பத்தா தம்பியத் தூக்குனாக” என்னும்போது மட்டும் அந்த ஒலியை விழுங்காதீர்கள். “யாரு தூக்குனா? யாரத் தூக்குனாக?” என்று இரண்டையும் கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. “குதிரை முட்டிய மாடு ஓடியது” என்பதும் “குதிரையை முட்டிய மாடு ஓடியது” என்பதும் இரண்டாம் வகுப்பிலும் சில பிள்ளைகளைத் தடுமாற வைக்கும். அதட்டாதீர்கள். “குதிரை மாட்டை முட்டியது. அந்த மாடு ஓடியது” என்று பிரித்துச் சொல்லி, பிறகு சேர்த்துச் சொல்லுங்கள்.