வெயிலுக்கு ஒரு கைவேலை, மழைக்கு ஒரு கைவேலை

வணக்கங்க. வீட்டுலயே குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது, பாடமெல்லாம் முடியட்டும், அப்புறம் கைவேலை பண்ணலாம்னு வெச்சா அது நடக்கவே நடக்காது. அதுக்குள்ள குழந்தையும் களைச்சிருக்கும், நீங்களும் களைச்சிருப்பீங்க. அதனால கைவேலையையே அன்னிக்கு ஒரு பாடமா வெச்சுடுங்க. நாலு வயசுலேர்ந்து ஏழு வயசு வரைக்கும் இது அருமையா ஓடும்.

எதைச் செய்யலாம்னு யோசிக்கும்போது முதல்ல வானத்தைப் பாருங்க. காய வைக்க வேண்டியதெல்லாம் வெயில் காலத்துக்கு. உதாரணமா உப்பு மாவு பொம்மை. ரெண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் தூள் உப்பு, முக்கால் கப்புலேர்ந்து ஒரு கப் வரைக்கும் தண்ணி. தண்ணிய ஒரேயடியா ஊத்தாதீங்க, மாவு கையில ஒட்டாம திரண்டு வந்ததும் நிறுத்திடுங்க. கால் கப்பை மட்டும் குழந்தை கையில கொடுத்து, "ரெண்டு கப் மாவுக்கு எத்தனை தடவை போடணும்?"னு கேளுங்க. எட்டு வரைக்கும் தானே எண்ணிப் போடும். அன்னிக்குக் கணக்கு முடிஞ்சது, தனியா நோட்டு எடுக்கவே வேண்டாம்.

பொம்மை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல போகக்கூடாது. கனமா இருந்தா மேல்பக்கம் காஞ்சு சுருங்கிடும், உள்ள ஈரமாவே நிக்கும், விரிசல் விழுறது அதனாலதான். சுள்ளுனு அடிக்குற வெயில்லயும் வைக்காதீங்க. காத்தோட்டமான நிழல்ல வெச்சு, தினமும் ரெண்டு தடவை திருப்பிப் போடுங்க. இதையே மழைக்காலத்துல செஞ்சா, காத்துல இருக்குற ஈரத்தை உப்பு இழுத்துக்கும், காஞ்ச பொம்மை கூட பிசுபிசுன்னு ஆயிடும். முக்கியமா ஒண்ணு, அந்த மாவை வாயில போட விடாதீங்க. அவ்வளவு உப்பு சின்னக் குழந்தைக்கு ஆபத்து.

மழை நாளுக்கு ஈரத்தோட செய்யற வேலைதான் சரி. தண்ணில கரையற கருப்பு ஸ்கெட்ச் பேனாவால வடிகட்டுற தாள்ல ஒரு கோடு போட்டு, தாளோட நுனிய மட்டும் தண்ணில தொட வைங்க. கோடு தண்ணிக்கு மேல இருக்கணும், முழுகுனா சாயம் கிண்ணத்துலயே கரைஞ்சு போயிடும். கருப்பு பிரிஞ்சு நீலமும் சிவப்புமா மேல ஏறும். அழியாத மார்க்கர்ல இது வராது.

இலை உதிர்ற காலத்துக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது இலைத் தேய்ப்பு, அதாவது தாளுக்கு அடியில இலையை வெச்சு, மேல கிரேயானால தேய்ச்சு இலையோட உருவத்தை எடுக்கறது. நரம்பு புடைச்ச பக்கம் மேல இருக்கணும். காஞ்ச இலை நொறுங்கும், அதனால இப்பத்தான் விழுந்த இலையா எடுங்க. தாள் மெல்லிசா இருக்கணும். கிரேயான் மேல சுத்தியிருக்குற காகிதத்தை உரிச்சுட்டு, படுக்க வெச்சுத் தேய்க்கச் சொல்லுங்க. நுனியால அழுத்துனா தாள் கிழியும். குழந்தைங்க "எனக்கு வரல"னு விட்டுட்டுப் போறது பெரும்பாலும் அடியில இலை நகர்றதாலதான். இலையையும் தாளையும் மேசையோட டேப் போட்டு ஒட்டிட்டா சரியாயிடும். அதுக்கப்புறம் ரெண்டு வகை இலையைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, நரம்பு எப்படிப் பிரியுதுன்னு விரலால தடவிப் பாக்க விடுங்க. அறிவியலுக்கு அது போதும்.

இலையைப் புத்தகத்துக்குள்ள அழுத்தி வைக்கறதா இருந்தா, நடுவுல செய்தித்தாள் வெச்சு, முதல் மூணு நாள் தினமும் தாளை மாத்துங்க. மாத்தலேன்னா ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பத்து நாள்ல தயாராயிடும்.

வெவ்வேறு வயசுல ரெண்டு குழந்தைங்க இருந்தா, பெரியவன் கத்தரிக்கட்டும், சின்னவள் கையால கிழிக்கட்டும். கிழிக்கறதும் விரலுக்கு நல்ல பயிற்சிதான். பசையை பாட்டிலோட கொடுக்காதீங்க, ஒரு மூடியில கொஞ்சமா ஊத்தி பிரஷ் கொடுங்க. அதிகமானா தாள் சுருண்டுக்கும். இருபது நிமிஷத்துக்கு மேல இழுக்க வேண்டாம். பாதியில நின்னா அப்படியே ஒரு தட்டுல எடுத்து வெச்சுட்டு, மறுநாள் அதே நேரத்துல தொடருங்க.