எடைக்கருவி அளப்பதும் கணிப்பதும்

நேயர்களுக்கு வணக்கம். காலையில் எழுந்ததும் கண்ணாடித் தட்டு போன்ற ஓர் எடைக்கருவியின்மேல் ஏறி நின்று, கொழுப்பு இத்தனை விழுக்காடு, தசை இத்தனை கிலோ, உடலின் வயது இவ்வளவு என்று கைத்தொலைபேசியில் பார்ப்பது இங்கே சிங்கப்பூரில் பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. உணவியல் ஆலோசனைக்கு என்னிடம் வருபவர்களில் பலர் அந்தத் திரையை நீட்டித்தான் பேச்சையே தொடங்குகிறார்கள். அந்த எண்களில் எவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

அந்தக் கருவி நேரடியாக அளப்பவை இரண்டே: உங்கள் எடை, மின்சாரத்துக்கு உங்கள் உடல் காட்டும் தடை. உலோகப் பட்டைகளின்மேல் வெறுங்காலுடன் நிற்கும்போது, உணரவே முடியாத சிறிய மாறுதிசை மின்னோட்டம், பொதுவாக ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவானது, ஒரு பாதத்தின் வழியே ஏறி, இடுப்பைக் கடந்து, மறுகாலில் இறங்குகிறது. நீரும் உப்புகளும் நிறைந்த தசை அதை எளிதாகக் கடத்தும். கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. தடையைக் கொண்டு உடலில் உள்ள நீரைக் கணித்து, கொழுப்பல்லாத பகுதியில் ஏறத்தாழ 73 விழுக்காடு நீர் என்ற பொதுக் கணக்கை வைத்து, எஞ்சியதைக் கொழுப்பாகக் கொள்வதே இம்முறையின் அடிப்படை. செயலி உங்கள் உயரத்தையும் வயதையும் பாலினத்தையும் கேட்பது இந்தக் கணக்குக்காகத்தான். ஐயமிருந்தால், வயதைப் பத்து ஆண்டு கூட்டிப் பதிந்துவிட்டு மறுபடியும் ஏறி நின்று பாருங்கள். பல கருவிகளில் அதே நிமிடத்தில், அதே உடலுக்கு, வேறொரு கொழுப்பு விழுக்காடு வரும்.

அப்படியானால் இதை வாங்கியதே வீணா என்று கேட்பீர்கள். இந்தியர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிப் பயன் உண்டு. சிங்கப்பூரில் வாழும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, உடல் நிறைக் குறியீடு (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) குறைவாக இருக்கும்போதே இவர்களின் உடற்கொழுப்பு மேலைநாட்டவரைவிட அதிகமாக இருப்பதைக் காட்டியது; மூவரில் இந்தியர்களிடமே அந்த வேறுபாடு மிகுதியாகத் தெரிந்தது. இந்தக் குறியீட்டுக்கு உலக அளவில் 25 என்று வைக்கப்பட்ட வரம்புக்குப் பதிலாக, இங்கே 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றும், 27.5 முதல் ஆபத்து அதிகம் என்றும் சொல்லப்படுவது இதனால்தான். ஒல்லியான கை கால்களும் சற்றே முன்தள்ளிய வயிறும் கொண்ட ஒருவர், சாதாரண எடைக்கருவியில் ஏறி இறங்கி, "எனக்கொன்றும் இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிட முடியும். கொழுப்பையும் தசையையும் தோராயமாகவேனும் பிரித்துக் காட்டும் கருவி அந்த நிம்மதியைச் சற்று அசைக்கிறது.

ஆனால் அந்த வயிற்றைப் பற்றியே கருவி சொல்வதுதான் எல்லாவற்றிலும் பலவீனமானது. ஒரு காலிலிருந்து மறுகாலுக்குச் செல்லும் மின்னோட்டம் மேல்வயிற்றை எட்டுவதே இல்லை. ஆகவே உள்ளுறுப்புக் கொழுப்பு, அதாவது வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு, என்று வரும் எண் பெரும்பாலும் சூத்திரத்தின் ஊகம். கைப்பிடியும் சேர்ந்த கருவிகள் இதில் ஓரளவு மேல். எனினும், தையல்காரரின் அளவுநாடாவை விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் அளப்பதையே நான் நம்புவேன். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கைக் கோடுகள். உடலின் வயது என்று வரும் எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம்.

எண்களை ஆட்டிவைப்பது நீர். ஏறுவதற்குச் சற்று முன் ஒரு குவளை தண்ணீர் குடித்தால் எடை கால் கிலோ கூடும். அந்த நீர் திசுக்களைச் சேர நேரமாகாததால் தடை மாறாது. கருவியோ கூடிய எடையின் பெரும்பகுதியைக் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடும். தீபாவளிக்கு மறுநாள் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். முறுக்கும் இனிப்பும் பிரியாணியும் சேர்ந்து உடலில் நீரைத் தேக்குவதால், எடை ஒரு கிலோ ஏறியிருந்தும் கொழுப்பு விழுக்காடு இறங்கியதாகத் திரை காட்டக்கூடும்; அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கிலோகலோரி. ஒரே இரவில் அவ்வளவு கூடவும் கூடாது, குறையவும் குறையாது. எனவே காலையில், கழிவறை சென்று வந்தபின், உண்பதற்கு முன், உலர்ந்த பாதங்களுடன், விரிப்பில்லாத தரையில் நில்லுங்கள். உடற்பயிற்சி முடிந்த கையோடு ஏறாதீர்கள். மாதவிடாய் நாள்களை ஒட்டி நீர்த்தேக்கம் மாறும் பெண்கள், சென்ற மாதத்தின் அதே கட்டத்தோடு ஒப்பிடுவது நல்லது.

மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இன்னொரு சிக்கல் வரும். பல கருவிகள் எடையை வைத்தே ஆளை அடையாளம் காண்பதால், அண்ணியும் நாத்தனாரும் கிட்டத்தட்ட ஒரே எடையென்றால் ஒருவரின் அளவு மற்றவர் கணக்கில் போய்ச் சேரும். ஏறும் முன் செயலியில் பெயரைத் தேர்ந்துகொள்ளுங்கள். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்கள் மின்னோட்ட அளவீட்டைப் பயன்படுத்தவே கூடாது. எடை மட்டும் பார்க்கும் வசதி இருந்தால் அதை இயக்கலாம், இல்லையேல் சாதாரணக் கருவி போதும். கருவுற்றிருப்பவர்களுக்கும் இந்தக் கொழுப்புக் கணக்கு பொருந்தாது.

ஒரு நாளின் எண்ணைவிட, செயலி வரையும் மூன்று மாதத்துக் கோடே பேசும். எடையும் தசையும் சேர்ந்தே இறங்குகிறதென்றால், உணவில் புரதம் போதவில்லையோ, தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி இல்லையோ என்று ஐயப்பட இடமுண்டு. வயதான பெற்றோரிடம் இது தெரிந்தால் இன்னும் விரைவாகக் கவனியுங்கள். 2023இல் தொடங்கிய, நோய்த் தடுப்புக்கான ஹெல்தியர் எஸ்ஜி என்ற தேசியத் திட்டத்தின்கீழ் உங்களுக்கென ஒரு குடும்ப மருத்துவர் இருந்தால், அடுத்த சந்திப்பில் அந்தக் கோட்டை அவரிடம் காட்டுங்கள். நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்கள் அதைத் தொடங்கிய நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வாரத்தில் கொழுப்பு ஏறியதாகக் கருவி காட்டியிருந்தால், வெளியேறிய நீரே அதற்குக் காரணமாக இருக்கலாம்.