டெக்சாஸின் துணை ஆளுநர்

நேயர்களுக்கு வணக்கம். ஆளுநர் ஒருவர் இருக்கும்போது துணை ஆளுநருக்கு என்ன வேலை? அமெரிக்காவின் பல மாநிலங்களில் பெரிதாக ஒன்றும் இல்லைதான். டெக்சாஸ் அப்படியல்ல. மாநில அரசியல் என்று யார் பேச்செடுத்தாலும் நான் அங்கேதான் போய் நிற்பேன்.

புதுச்சேரியை மனத்தில் வைத்துக் கேட்காதீர்கள். அங்கே குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். டெக்சாஸில் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுநருக்கு ஒரு வாக்கு, இவருக்குத் தனியாக ஒரு வாக்கு. அதனால் இருவரும் வேறு வேறு கட்சியாகவும் அமைவதுண்டு. 1995இல் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆளுநரானபோது, துணை ஆளுநர் ஜனநாயகக் கட்சியின் பாப் புல்லக்.

31 பேர் கொண்ட மேலவைக்கு இவர்தான் தலைவர். எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும், குழுவில் யார் யார், எது விவாதத்துக்கு வரும், எல்லாம் இவர் கையில். விவாதத்துக்கே வராத மசோதாவில் ஆளுநர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? ஆனால் ஒன்று: இந்த அதிகாரத்தில் பெரும்பகுதி மேலவை தன் விதிகள் மூலம் கொடுத்தது. திரும்பச் சொல்கிறேன், உறுப்பினர்கள் கொடுத்தது.

1979இல் பில் ஹாபி துணை ஆளுநர். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சம்மதித்தால்தான் மசோதாவை விவாதத்துக்கு எடுப்பது என்பது அந்த அவையின் வழக்கம். அதிபர் வேட்பாளர் தேர்வுக்கான வாக்கெடுப்பு பற்றிய ஒரு மசோதாவுக்காக அந்த வழக்கத்தைத் தாண்டப்போவதாக ஹாபி அறிவித்தார். அவ்வளவுதான், 12 உறுப்பினர்களைக் காணவில்லை! 21 பேர் இல்லாமல் அவை கூட முடியாது. பெரும்பாலானோர் மாநிலத் தலைநகர் ஆஸ்டினிலேயே ஒரு சின்ன வீட்டில் அடைந்து கிடந்தார்கள். ஹாபி காவலர்களை ஏவினார். அவர்கள் ஹூஸ்டனில் ஜீன் ஜோன்ஸ் என்ற உறுப்பினரைத் தேடிப் போனார்கள். அவர் வேலி தாண்டி ஓடிவிட்டார். வீட்டில் அகப்பட்டவரை ஹெலிகாப்டரில் ஏற்றி ஆஸ்டினுக்கே கொண்டுபோனார்கள். பிடிபட்டவர் ஜீன் இல்லை, அவருடைய சகோதரர்!

சில நாள் கழித்து 12 பேரும் திரும்பினார்கள். மசோதா கைவிடப்பட்டது. ஹாபி 1991 வரை அதே நாற்காலியில் இருந்தார். கொடுத்தவர்கள் கையை விலக்கிக்கொண்டால் அந்த நாற்காலி என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். 2015இல் அந்த மூன்றில் இரண்டு பங்கை ஐந்தில் மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். சிறுபான்மைத் தரப்பைக் கூப்பிட்டுப் பேச வைத்த விதி அது.

சரி, நேரம் முடிகிறது என்கிறார்கள். பதவி காலியானால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2000 டிசம்பரில் புஷ் அதிபர் பதவிக்காக விலகினார், துணை ஆளுநர் ரிக் பெர்ரி ஆளுநரானார், அவர் இடத்துக்கு மேலவை தன் உறுப்பினர் பில் ராட்லிஃபைத் தேர்ந்தெடுத்தது. வணக்கம்.