அவள் கேள்விகளோடு திரும்பி வருவாள்

(இறையியல் படிக்கப் போகும் மாணவிக்கு, அவருடைய சபையார் நடத்திய வழியனுப்புக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் ஆற்றிய உரை)

சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நம் பிள்ளை அடுத்த வாரம் மதுரை அரசரடிக்கு, தமிழ்நாடு இறையியல் கல்லூரிக்குப் போகிறாள். பட்டப்படிப்பு முடித்தவள், இன்னும் 4 ஆண்டு பி.டி. என்கிற இறையியல் பட்டத்துக்குப் படிக்க வேண்டும். இங்கே மேடை ஏறுவதற்கு முன்னால் அவளுடைய அம்மா என்னிடம் மெதுவாக ஒன்று கேட்டார்கள். "ஐயா, அங்க போய்ப் படிச்சா இருக்கிற விசுவாசமும் போயிரும்னு சொல்றாங்களே, நிஜமா?"

அந்தப் பயத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். நானும் அதை அனுபவித்தவன். முதல் வருடம், பழைய ஏற்பாட்டு வகுப்பு. ஆதியாகமம் முதல் இரண்டு அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொன்னார் ஆசிரியர். முதல் அதிகாரத்தில் மிருகங்கள் எல்லாம் உண்டான பிறகு, ஆணும் பெண்ணுமாய் மனிதர் வருகிறார்கள். இரண்டாவதில் மனிதன் முதலில், அப்புறம் மிருகங்கள், கடைசியில்தான் பெண். ஞாயிறு பள்ளியில் நூறு தடவை கேட்ட கதைதான், ஆனால் நான் அதைக் கவனித்ததே இல்லை. இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

போகவில்லை. விடுதியில் என்னோடு இருந்தவர்களுக்கும் அதே கலக்கம். ராத்திரி உட்கார்ந்து வாதம் பண்ணுவோம், காலையில் ஒன்றாக ஜெபத்துக்குப் போவோம். அம்மா, உங்கள் மகளுக்கும் இந்தக் கலக்கம் வரும். அது அங்கே, ஆசிரியர்களும் தோழர்களும் பக்கத்தில் இருக்கும்போது வரட்டும். நாற்பது வயதில், ஏதோ ஒரு சபையில் தனியாக, ஒரு சின்னப் பிள்ளையின் அடக்க ஆராதனையில் நிற்கும்போது முதல் தடவையாக வந்தால் தாங்க முடியாது.

"சபைப் போதகருக்கு எதற்கு இவ்வளவு படிப்பு? பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இருந்தால் போதாதா?" என்று கேட்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நம் மண்ணில் புராட்டஸ்டன்ட் சபைகளுக்குள் இந்தப் படிப்பு எப்படி ஆரம்பித்தது என்று பாருங்கள். 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வாலிபன், இருபத்து நாலு வயதுகூட நிரம்பவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். பத்து வருடம் கழித்து, 1716இல், இங்குள்ளவர்களை ஊழியத்துக்குத் தயார்படுத்த ஒரு பள்ளியைத் தொடங்கினார். மணலில் எழுதிப் படித்தவருக்குத்தான் அது தோன்றியது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடலூரில் பிறந்த ஆரோன் பல வருடம் உபதேசியாராக உழைத்து, 1733இல் குருப்பட்டம் பெற்றார். இந்தியர்களுக்குள் முதல் புராட்டஸ்டன்ட் போதகர் நம் தமிழர்தான்.

பட்டம் என்று பார்த்தால், வங்காளத்தில் வில்லியம் கேரியும் அவருடைய கூட்டாளிகளும் 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு டென்மார்க் அரசர் 1827இல் சாசனம் கொடுத்தார். இன்றைக்கும் அரசரடியில் பி.டி. முடிப்பவருக்குச் செராம்பூர் பட்டம்தான்.

சரி, அங்கே என்னதான் படிக்கிறார்கள்? எபிரேயம், கிரேக்கம், சபைச் சரித்திரம், பிரசங்கக் கலை, மற்ற சமயங்கள், சமுதாயம் என்று நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு சொல்லை மட்டும் சொல்கிறேன்.

திரளான ஜனங்களைக் கண்டு இயேசு "மனதுருகி" என்று மத்தேயு 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தக் கிரேக்க வினைச்சொல்லுக்கு அடியில் இருப்பது "ஸ்பிளாங்க்னா", அதாவது குடல், உள்ளுறுப்புகள். பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த வருடமே எங்களை அரசு மருத்துவமனைக்கு நோயாளிகளைச் சந்திக்க அனுப்பினார்கள். ஒரு அம்மாவின் ஐந்து வயதுப் பையன் அன்று காலையில் இறந்திருந்தான். நான் போய் நின்றதும், சகலமும் நன்மைக்கே என்று சொல்லும் ரோமர் 8:28ஐச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்கள். "சாமி, பெத்த வயிறு எரியுது. கொஞ்ச நேரம் பேசாம உக்காரு." உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

நடந்த உரையாடலை அவர் சொன்னது, நான் சொன்னது என்று வரி வரியாக எழுதிக்கொண்டு வரச் சொல்வார்கள். எழுதினேன். அதை வகுப்பில் வாசித்தபோது ஆசிரியர் கேட்டது ஒன்றுதான்: "வசனம் யாருக்காகச் சொன்னீங்க? அந்த அம்மாவுக்கா, உங்க பயத்துக்கா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் அவரே கரும்பலகையில் இரண்டு எபிரேயச் சொற்களை எழுதினார். "ரெஹெம்" என்றால் கருப்பை. "ரஹமீம்" என்றால் இரக்கம். இரண்டுக்கும் ஒரே வேர். எழுத்து வாசனை இல்லாத அந்த அம்மா மருத்துவமனை வராந்தாவில் சொன்னதும் அந்த வேரைத்தான். அன்றைக்குப் பிறகு நான் அந்த மத்தேயு பகுதியை ஒரு தடவைகூடச் சாதாரணமாக வாசித்தது இல்லை.

நம் பிள்ளை ஒரு பெண் என்பதால் முகம் சுளிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தென்னிந்தியத் திருச்சபையில் 1976இலேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தாயிற்று. 2013இல் நந்தியால் பேராயராக புஷ்பலலிதா அம்மா பொறுப்பேற்றார்கள். இதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

கமிட்டியார் என்னிடம், பிள்ளைக்கு என்ன பரிசு வாங்கலாம் என்று கேட்டார்கள். சால்வை வேண்டாம். நல்ல எபிரேய அகராதி ஒன்று வாங்கிக் கொடுங்கள், விலை அதிகம்தான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரும்போது பிரசங்க பீடத்தில் ஒரு ஞாயிறு கொடுங்கள். அவள் சொல்வது புதிதாக இருந்தால், வாசலில் நின்று முணுமுணுக்காமல் வீட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, நேராகக் கேளுங்கள். அம்மா, முதல் ஆள் நீங்களே கேளுங்கள். ராத்திரி எவ்வளவு நேரமானாலும் அவள் பேசட்டும்.