தோளில் உட்காருகிற துவக்கு

வணக்கம் நேயர்களே. மான் வேட்டைக்கு என்ன துவக்கு வாங்குவது என்று பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த நேயர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், துப்பாக்கியை நான் துவக்கு என்றுதான் சொல்லுவேன், அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். வன்னியில் அப்பப்பாவிடம் ஒரு இடியன் துவக்கு இருந்தது. குழல் வாயால் மருந்தைக் கொட்டி, சன்னத்தைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கி, அப்புறம்தான் வெடி வைக்கலாம். அதுவும் ஒரே ஒரு வெடி. அது தவறினால் திரும்ப இடித்து முடிப்பதற்குள் மரை அடுத்த குளத்தைத் தாண்டியிருக்கும். அதனால் அப்பப்பா நன்றாகக் கிட்டப் போகும்வரை விசையில் விரலே வைக்கமாட்டார். அந்தத் துவக்கு என்ன பிராண்ட் என்று ஒருவரும் கேட்டதில்லை, ஊர்க் கொல்லன் செய்தது.

இங்கே கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், பயிற்சி முடித்து, துவக்கு வாங்கவும் வைத்திருக்கவும் வேண்டிய பி.ஏ.எல். லைசென்ஸ் கைக்கு வந்த தம்பிமார் என்னிடம் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். அண்ணை, டிக்கா நல்லதா, சாவேஜ் நல்லதா, ரெமிங்டன் இன்னும் வாங்கலாமா, ரூகர் மலிவாக இருக்கிறதே ஏதும் பிழையா? நியாயமான கேள்வி, காசு கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்ல முன்னம் நான் வாங்கின முதல் துவக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரிய பெயர், பளபளவென்று வால்நட் மரச் சோங்கு, அதாவது தோளில் வைக்கிற பகுதி, 300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பலமான ரவை, அதாவது தோட்டா. மூஸுக்கும் காணும், கரடிக்கும் காணும், மானுக்கு என்ன குறை என்று கடையில் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் இருபது ரவை சுட்டேன், தோள் நீலம் பாரித்துப் போனது, அதற்குப் பிறகு பழகப் போகவேயில்லை. அந்த நவம்பரில் ஹலிபர்ட்டன் பக்கத்துக் காட்டில், எழுபது மீட்டர் இருக்கும், ஒரு பெரிய கொம்பன் மான் எனக்குப் பக்கவாட்டாக நின்றது. இதைவிட லேசான வெடி யாருக்கும் கிடைக்காது. விசையை அமுக்குகிற அந்தக் கணத்தில் உதை வரப் போகிறது என்று என் உடம்பு தானாகவே சுருங்கியது, கண் மூடியது, குழல் இழுபட்டது. வெடி நெஞ்சில் படவில்லை, பின்வயிற்றில் பட்டது.

காய்ந்த இலைகளில் சொட்டுச் சொட்டாக இரத்தம், அதுவும் கறுப்பாக. நானும் கூட வந்த நண்பரும் இருட்டும்வரை பின்னால் போனோம், ஒரு சதுப்பு நிலத்தோடு தடயம் நின்றுவிட்டது. மற்ற நாள் விடியத்தான் கண்டுபிடித்தோம். நமக்கு முன்னம் கயோட்டிகள், ஓநாய் மாதிரியான காட்டு நாய்கள், கண்டுபிடித்திருந்தன. அந்த மான் இரவு முழுக்க என்ன பாடு பட்டிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். துவக்கில் ஒரு குறையும் இல்லை. எனக்குப் பொருந்தாத ஒன்றை நான் பெயரைப் பார்த்து வாங்கினேன், அவ்வளவுதான்.

சரி, பிராண்டுக்கு வருவோம். இன்றைக்குக் கடையில் இருக்கிற பேர்போன கொம்பனிகளின் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், அதாவது ஒவ்வொரு வெடிக்கும் போல்டைக் கையால் இழுத்து ரவை ஏற்றுகிற துவக்கு, எதை எடுத்தாலும் நூறு மீட்டரில் ஒரு மானை நேர்த்தியாக வீழ்த்தும். வின்செஸ்டர் மாடல் 70 வந்தது 1936இல், சாவேஜ் 110 வந்தது 1958இல், ரெமிங்டன் 700 வந்தது 1962இல். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் 1898ஆம் ஆண்டு ஜெர்மன் மவுசர் நிற்கிறது. நூறு வருசத்துக்கு மேலாகத் திருத்தித் திருத்திச் செய்துவந்த பொருள் இது. பெயரும் இப்போது ஒரு மாதிரிதான், பிரௌனிங் அமெரிக்கப் பெயர், எக்ஸ்-போல்ட் ரைஃபிளைச் செய்வது ஜப்பானில் மிரோக்கு. வெதர்பி வான்கார்டும் ஜப்பான்தான், ஹோவா செய்கிறது. டிக்காவும் சாக்கோவும் பின்லாந்தில் ரீஹிமாக்கியில் ஒரே தொழிற்சாலை, சாக்கோவுக்கு உரிமையாளர் இத்தாலியின் பெரெட்டா. ரெமிங்டன் 2020இல் திவாலாகித் துண்டு துண்டாக விலைப்பட்டது, அதிலிருந்து மார்லினை வாங்கியது ரூகர். எங்கள் அப்பா காலத்திலிருந்தே இந்தப் பெயர்தான் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பெயருக்குள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

டிக்காவைப் பற்றி கனடாவோடு சம்பந்தப்பட்ட ஒரு சேதி உண்டு. வடக்கே பனிப் பிரதேசத்தில் காவல் சுற்றுகிற கனேடியன் ரேஞ்சர்கள் 1947இல் தொடங்கிய காலத்திலிருந்து லீ-என்ஃபீல்ட் 303 துவக்கைத்தான் சுமந்தார்கள். அதற்குப் பதிலாக இப்போது கொடுத்திருக்கிற சி-19, டிக்கா டி3எக்ஸ் வடிவம்தான், 308 ரவை, கிச்சனரில் கோல்ட் கனடா செய்தது, சோங்கு சிவப்பாக இருக்கும். வெள்ளைக் கரடி நடமாடுகிற இடத்தில், தடித்த கையுறையோடு, உறைகுளிரில் இயங்க வேண்டிய துவக்குக்கு இதைத் தெரிந்தெடுத்தார்கள் என்பது எனக்குப் பெரிய நற்சான்று. ஆனாலும் எல்லாருக்கும் டிக்காதான் என்று சொல்லமாட்டேன்.

ஏனென்றால் முதலில் பார்க்க வேண்டியது சோங்கின் நீளம். விசையிலிருந்து சோங்கின் அடிவரைக்கும் உள்ள தூரம் சாதாரணமாகப் பதின்மூன்றரை அங்குலத்திலிருந்து பதினாலு வரை வரும், சராசரி வட அமெரிக்க ஆணுக்கு அளந்து செய்தது. எனக்கு உயரம் ஐந்தடி ஐந்து, நம்மில் கனபேர் அப்படித்தான். இதற்கு மேல் நவம்பர் கோட்டு ஒன்று, அதற்கு மேல் சட்டப்படி போட வேண்டிய செம்மஞ்சள் அங்கி, 400 சதுர அங்குலம். இவ்வளவும் சேர்ந்தால் தோளுக்கும் சோங்குக்கும் நடுவில் ஒரு அங்குலத் துணி வந்துவிடும். அப்போது சோங்கு கக்கத்தில் சிக்கும், கழுத்தை நீட்டித்தான் குறி பார்க்கிற ஸ்கோப்பைப் பார்க்க வரும், உதை கன்னத்து எலும்பில் விழும்.

கடையில் இதைச் சோதிப்பது லேசு. கோட்டைப் போட்டுக்கொண்டு, துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று நீங்களே போல்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஆளில்லாத சுவர்ப் பக்கம் திரும்பி நில்லுங்கள். இரண்டு கண்ணையும் மூடுங்கள். மூடினபடியே துவக்கைத் தூக்கித் தோளில் வைத்து, கன்னத்தைச் சோங்கில் சாயுங்கள். இப்போது கண்ணைத் திறவுங்கள். ஸ்கோப்புக்குள் முழு வட்டமும் வெளிச்சமாகத் தெரிந்தால் அந்தத் துவக்கு உங்களுடையது. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கறுப்பு தெரிந்து, அதை நீக்கத் தலையை முன்னே பின்னே அசைக்க வேண்டி வந்தால், அந்த உருப்படியை அப்படியே வாங்காதீர்கள், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி. சாவேஜ் 110இல் அக்கியூஃபிட் என்று வருகிற மாடல்களில் சோங்கின் நீளத்தையும் கன்னம் படுகிற உயரத்தையும் கூட்டிக் குறைக்கத் துண்டுகள் பெட்டிக்குள்ளேயே வரும். ரூகர் அமெரிக்கனில் காம்பாக்ட், பிரௌனிங்கில் மைக்ரோ மைடஸ், இரண்டும் குட்டைச் சோங்கு. என் மனைவி ரூகர் காம்பாக்டைத் தூக்கிப் பார்த்த அன்றே, இதுதான் முதல் முறையாக எனக்குப் பாரமாகத் தெரியாத துவக்கு என்றாள். உண்மையில் அது அவள் முன்னம் தூக்கினதைவிடப் பெரிதாகப் பாரம் குறைந்ததில்லை. பொருந்தியது, அதுதான் வித்தியாசம்.

இரண்டாவது, ரவையை வெளியே எடுக்கிற விதம். இதைக் கடையில் கேட்கிறவர்கள் குறைவு, எனக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஒரு வேட்டை நாளில் ஒரு ரவை சுடாமலே வரலாம், ஆனால் துவக்கை வெறுமையாக்குவது பத்துத் தடவை நடக்கும். வாகனத்தில் ஏற, வேலி தாண்ட, மரத்தில் கட்டின பரணுக்கு ஏற, சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் உறையில் போட. டிக்காவில் விசையைப் பூட்டுகிற சேஃப்டியைப் போட்டால் போல்டும் சேர்ந்து பூட்டுப்படும், காட்டுக்குள் நடக்கும்போது கிளை பட்டுப் போல்ட் திறக்காது, அது நல்லது. ஆனால் குழலுக்குள் இருக்கிற ரவையை எடுக்க சேஃப்டியை விடுவித்தே ஆக வேண்டும். வின்செஸ்டர் 70, சாவேஜ் 110, ஹோவா இவற்றில் சேஃப்டிக்கு மூன்று நிலை, நடு நிலையில் விசை பூட்டியிருக்க போல்டைத் திறக்கலாம். பிரௌனிங் எக்ஸ்-போல்டில் அதற்கென்றே ஒரு சின்னப் பொத்தான். விரல் மரத்துப்போன நேரத்தில், பக்கத்தில் தோழன் நிற்கையில், எது மனதுக்கு நிம்மதி என்று நீங்களே யோசியுங்கள். நான் மூன்று நிலைக்காரன். டிக்கா வைத்திருப்பவர்கள் குழலை நிலத்துக்கு நீட்டிக்கொண்டு எடுங்கள், ஒவ்வொரு தடவையும்.

சேஃப்டி என்பது ஒரு இயந்திரம்தான், அதை நம்பிக் குழலை ஒருவர் பக்கம் திருப்பாதீர்கள். 2014 ஏப்ரலில் ரெமிங்டன் தன்னுடைய எக்ஸ்-மார்க் ப்ரோ விசை பொருத்திய 700, மாடல் 7 ரைஃபிள்களைத் திருப்பிக் கேட்டது, விரல் படாமலே வெடிக்கக்கூடும் என்று கொம்பனியே எச்சரித்தது. 2006 மேயிலிருந்து 2014 ஏப்ரல் தொடக்கம்வரை செய்தவை அவை. பழைய ரெமிங்டன் ஒன்று மலிவாக வருகிறது என்றால் தொடர் இலக்கத்தை வைத்து அது திருத்தப்பட்டதா என்று சரிபார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ரவை பற்றி நீட்டப் போவதில்லை. 1906இல் வந்த 30-06, 1925இல் வந்த 270, 1952இல் வந்த 308, 2007இல் வந்த 6.5 கிரீட்மோர், இவற்றில் எது என்றாலும் மானுக்குக் காணும். உதைக்குப் பயம் என்றால் 6.5, அல்லது 243. சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்க வேண்டும் என்றால் 308 அல்லது 30-06. மேக்னம் வேண்டாம், அதற்கான காரணத்தைச் சொல்லிவிட்டேன். துவக்கு மெலிந்தால் உதை கூடும் என்பதையும் மறக்காதீர்கள், மூன்று கிலோவுக்குக் குறைந்த 30-06 தோளை நன்றாகவே பதம் பார்க்கும். அப்புறம், தெற்கு ஒன்ராறியோவில் பல இடங்களில் மான் பருவத்துக்கு ரைஃபிளே அனுமதி இல்லை, ஷாட்கன் அல்லது வாயால் மருந்து இடிக்கிற துவக்குத்தான், அப்பப்பாவின் இடியனுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். நீங்கள் போகிற வட்டாரத்தின் விதியை மாகாண அரசின் வேட்டை விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

காசைப் பங்கு போடுகிறபோது, ஒரு சாக்கோவின் விலையில் இரண்டு ரூகர் அமெரிக்கன் வாங்கி மிச்சமும் வரும். சாக்கோவின் போல்ட் வெண்ணெய் மாதிரி வழுக்கும், அதை ரசிக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், நானும் கடையில் இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் முதல் துவக்கு வாங்குகிறவருக்குச் சொல்கிறேன், மலிவான ரூகர் அல்லது சாவேஜ் ஆக்சிஸ் ஒன்றை எடுத்து, மிச்சக் காசில் நல்ல ஸ்கோப்பும், அதைத் துவக்கில் பொருத்துகிற உறுதியான மவுண்டும், நூறு ரவையும் வாங்குங்கள். மான் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும், அந்த மங்கல் வெளிச்சத்தில் மலிவு ஸ்கோப்புக்குள் வெறும் சாம்பல்தான் தெரியும்.

கூடவே ஒரு 22 துவக்கு. கோபர்க்கில் கூயி செய்த பழைய ஒற்றை வெடி 22 இந்த மாகாணத்துப் பண்ணை வீடுகளில் இன்னும் இருக்கிறது, புதிது வேண்டுமென்றால் பீட்டர்பரோவுக்குப் பக்கத்தில் லேக்ஃபீல்டில் செய்த சாவேஜ் 22. உதையே இல்லை, ரவை மலிவு. என் கண் மூடுகிற பழக்கத்தை அதுதான் மாற்றியது. இன்னொரு வழியும் உண்டு. ரேஞ்சில் நண்பரை விட்டு ரவைகளுக்கு நடுவில் மருந்தில்லாத ஒரு வெற்று ரவையைக் கலந்து போடச் சொல்லுங்கள். எது வெற்று என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. விசையை அமுக்கும்போது டிக் என்ற சத்தம் மட்டும் வந்து குழல் அசையாமல் நின்றால் நீங்கள் தயார். குழல் தலை குனிந்தால் இன்னும் பழக வேண்டும். எட்டு அங்குலக் காகிதத் தட்டை நூறு யார் தூரத்தில் குத்தி, மேசையில் சாயாமல், காட்டில் எப்படி இருப்பீர்களோ அப்படி முழங்காலில் இருந்து ஐந்து ரவை சுடுங்கள். ஐந்தும் தட்டுக்குள் விழுகிற தூரம்தான் உங்கள் தூரம். எனக்கு அது இன்றைக்கும் நூற்றிருபது யார், அதற்கு அங்கால் நிற்கிற மானை நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன்.

ஓகஸ்ட்டில்தான் கடைகளில் நல்ல தெரிவு இருக்கும், ஒக்டோபர் கடைசியில் போனால் குட்டைச் சோங்கு ஒன்றும் மிஞ்சாது. கோட்டையும் செம்மஞ்சள் அங்கியையும் கையோடு எடுத்துப் போங்கள். வெளியே முப்பது பாகை வெயில் அடிக்கும், கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். போட்டுக்கொண்டு கண்ணை மூடித் தூக்கிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.